முக்கொம்புப் பாலத்து முதலை

இன்னைக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். காவிரிப் பாலம் ஏறியதும் கேட்டார்: "நீங்க மங்களம் அக்காதானே? நான் ஜெசிந்தா. ஸ்கூல்ல சேர்ந்து படம் போட்டோமே."



அறுபதுகளில் எங்கள் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு மூணாம் கிளாஸ் பிள்ளை பென்சிலில் வரையும். டிராயிங் டீச்சர் அதை வாங்கி வைத்திருந்து, மறுநாள் பத்தாம் கிளாஸ் பிள்ளையிடம் வர்ணம் தீட்டக் கொடுப்பார். ஒரு கோட்டைக்கூட மாற்றக் கூடாது. ஜெசிந்தாவும் நானும் ஜோடி. அவள் போட்ட முக்கொம்பு அணைப் படத்தில் பாலத்தின் மேல் ஒரு முதலை படுத்திருந்தது. யாருக்கும் தெரியாமல் அழித்துவிட்டேன். படத்துக்கு முதல் பரிசு வேறு. இத்தனை வருஷமும் உறுத்தல்.

இன்னைக்குச் சொல்லிவிட்டேன். "மன்னிச்சுக்கம்மா, உன் முதலையை நான்தான் அழிச்சேன்."

அவர் முழித்தார். "நான் முதலையே போடலக்கா. மறுநாள் நீங்க வர்ணம் தீட்டறப்ப எட்டிப் பார்த்தா இருந்துச்சு. நீங்க வரைஞ்சதுன்னு நெனச்சேன். பெரிய கிளாஸ் அக்காகிட்ட எப்படிக் கேக்கறது?"

ராஜகோபுரம் ஸ்டாப் வந்ததும் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பரிசு கொடுத்த அன்று டிராயிங் டீச்சர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னமோ குறையுதே" என்றார்.

எங்க செட் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்கள் படத்தில் என்ன படுத்திருந்தது?