கவாத்து நாள்

ருமியானாவுக்கு எதையும் சேர்த்து வைக்கப் பிடிக்காது. பிளெவென் நகரத்தில் அவள் வீட்டு நிலவறையில், குளிர்காலத்துக்கென்று எல்லோரும் ஊறப்போட்டு வைக்கும் மிளகாய் ஜாடி ஒன்றுகூடக் கிடையாது. அக்கம்பக்கத்தார் அதை ஒரு குறையாகவே பேசினார்கள். ஆனால் பன்னிரண்டு பேர் இருக்கும் மென்பொருள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்வதற்கு அந்தக் குணம் தோதாகவே இருந்தது.

அங்கே ஒவ்வொருவரும் தங்கள் நிரல்களைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பொதிகளாகக் கட்டிச் சர்வரில் ஓட்டுவார்கள். ஒன்றைத் திருத்தினால் புதிது ஒன்று பிறக்கும், பழையது அப்படியே கிடக்கும். டிஸ்க் நிரம்பி எல்லாம் முடங்கும்வரை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

"இருக்கட்டும்க்கா, எதுக்காவது ஆகும்" என்பார்கள்.

"இதென்ன உங்க வீட்டு நிலவறையா? வேலை இல்லாதப்ப நிறுத்தியாவது தொலைங்க. சும்மா ஓடி மெமரியைத் தின்னுது" என்று தினமும் திட்டுவாள்.

பிப்ரவரி முதல் தேதி புனித திரிஃபோன் நாள். ஊரே வேண்டாத கிளைகளை வெட்டித் திராட்சைக் கொடிக்குக் கவாத்து செய்யப் போகும். ருமியானா அன்றைக்குத்தான் சர்வருக்கும் கவாத்து செய்வாள். ஓடாமல் நிற்கும் கன்டெய்னர்களை, அவற்றின் சேமிப்போடு சேர்த்து, ஒரே கட்டளை துடைத்துவிடும். வேண்டியது எதையும் யாரும் நிறுத்தாததால் பன்னிரண்டு வருடமாக ஒரு தப்பும் நடந்ததில்லை.

அந்த வருடம் சக ஊழியன் திரிஃபோன் தன் பெயர்கொண்ட புனிதரின் நாள் என்பதால் எல்லோருக்கும் பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரமும் ஒயினும் வைத்துவிட்டு, அப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பினான்.

"அக்கா, என்னோட கன்டெய்னரை நிறுத்திட்டேன். இந்த வாட்டி நீங்க திட்டவே முடியாது."

"அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்று கோப்பையை உயர்த்தினாள். அப்புறம் வழக்கம்போலக் கட்டளையைத் தட்டினாள். நூற்று நாற்பது ஜிகாபைட் இடம் கிடைத்தது. திருப்தியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் திரிஃபோன் வெளிறிய முகத்தோடு வந்து நின்றான். பக்கத்துக் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்காக அவன் செய்துவந்த தடுப்பூசிப் பதிவேடு காலியாகக் கிடந்தது. சோதனைக்காக ஓட்டியது என்பதால் அதற்கு நகலும் எடுக்கவில்லை. செவிலி ஸ்தோயங்கா மூன்று மாதம் உட்கார்ந்து ஏற்றிய அறுநூற்று நாற்பது குழந்தைகளின் விவரம் அதில் இருந்தது.

"நான் நிறுத்தியிருக்கக் கூடாதுக்கா."

"நிறுத்தச் சொன்னது யாரு? நின்னதைத் துடைச்சது யாரு? நீ பேசாம இரு" என்றாள் ருமியானா.

அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. பயிற்சி கொடுக்கப் போன அன்று ஸ்தோயங்காவிடம் அவளே சொல்லியிருந்தாள்: "கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் தடுப்பூசி அட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. எதுக்குக் குப்பை?" அந்த அட்டைகளும் போயிருந்தால் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

போனில் சொல்ல வாய் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே போனாள். வாசலிலேயே நின்று, எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். ஸ்தோயங்கா கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணு மாசம், இன்ஜினியரம்மா. கண்ணு போச்சு எனக்கு."

"தெரியும்மா. என் தப்புதான். அந்த அட்டைங்க..." மேலே கேட்கப் பயமாக இருந்தது.

ஸ்தோயங்கா சாவியை எடுத்தாள். பக்கத்திலேயே இருந்த தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப் போனாள். சுவர் நெடுக ஜாடிகள். சிவப்பு மிளகாய், முட்டைக்கோஸ், பிளம். மிளகாய் ஜாடிகளை நகர்த்தினாள். பின்னால் நான்கு பழப்பெட்டிகள். உள்ளே பிறந்த வருடவாரியாக நூலால் கட்டிய அட்டைகள்.

"போடச் சொன்னீங்க. எனக்கு மனசு வரலை."

ருமியானா அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அழுதது போதும். நான் வாசிக்கறேன், நீங்க தட்டுங்க. வேகமாத் தட்டுவீங்கல்ல?"

ஏழு சனிக்கிழமைகள் ஆயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்புமுன் ருமியானா ஏற்றியதை இரண்டு இடங்களில் நகலெடுத்தாள். கடைசி அட்டையை ஏற்றிய அன்று, நூலை அவளே இறுக்கிக் கட்டி, பெட்டியைத் தூக்கினாள்.

"இதை எங்க வைக்கட்டும்மா?"

"வேற எங்க? மிளகாய்க்குப் பின்னாடிதான்."

பெட்டியைச் சுமந்துகொண்டு ருமியானா நிலவறைப் படியில் இறங்கினாள்.