பழைய விலைக்கு வந்த பொட்டலம்

மின்விசிறியை அணைத்துவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டுதான் பொட்டலத்தைப் பிரிப்பார். "ஒரு தும்மல் போட்டா அரசாங்கச் சொத்து பறந்துடும்" என்பார். தெருவில் விற்கிற ஹெராயின் என்ன விலை, எவ்வளவு சுத்தம், எந்த மலைநாட்டுச் சரக்கு என்று கண்டுபிடித்து எழுதும் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். அங்கே அவர் பெயர் தராசம்மா.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இவருக்குச் சம்பளமே அதற்குத்தான். காய்ச்சியபோது தங்கிய கசடை வைத்தே பிறந்த இடத்தைச் சொல்லிவிடுவார். கலப்படத்தைக் கண்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பாதிக்குப் பாதி தலைவலி மாத்திரை. விஷத்துலயும் ஏமாத்துறானுங்க பாருங்க!" எதிர்க்கடை டீக்காரர் இவர் தலையைக் கண்டால் பாலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவார்.

சரக்கை வாங்கி வருபவர் ஒரு மஃப்டி போலீஸ்காரர். பேரம் பேசாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று காய்கறிக்காரியிடம் பேசிப் பழகியவர். போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் பின்தெருவில் வாங்கிய பொட்டலத்தை நீட்டினார். எப்போதும் இருபது சதவீதத்தைத் தாண்டாத சுத்தம், அன்று ஐம்பத்தெட்டு. தராசம்மா மிஷினைத் திட்டிக்கொண்டே மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். ஐம்பத்தெட்டேதான்.

"விலை ஏறலையேம்மா, அப்புறம் என்ன?" என்றார் போலீஸ்காரர்.

"அதான்யா ஆபத்து. விலை ஏறியிருந்தா ஒரு சந்தேகமாவது வரும். இப்ப ஊசி போடுறவன் எப்பவும் போடுற அளவையே போட்டுக்குவான். எந்திரிக்க மாட்டான்."

அந்தப் பின்தெருவில்தான் தராசம்மாவின் தம்பி ஊசிக்கு அடிமையாகி எட்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். போன் கிடையாது, விலாசம் கிடையாது. இரண்டு முறை தேடிப் போனார். அக்காவைப் பார்த்ததும் ஓடி ஒளிந்துகொண்டான்.

காலாண்டு அறிக்கைக்கு முன் ஒரு எண்கூட வெளியே போகக் கூடாது என்பது விதி. தெருவில் எச்சரிக்கை கொடுக்க அனுமதி கேட்டு இயக்குநரிடம் போனார். "ஒரு பொட்டலம்தானேம்மா? சராசரியில சேருங்க, இருபத்திரண்டுன்னு வரும். எதுக்குப் பீதியக் கிளப்பணும்?" என்றார் அவர்.

"சராசரிய யாரும் ஊசியில ஏத்திக்கறதில்ல சார்."

இயக்குநர் வேறு கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சந்தைக்குப் பின்னால், பழைய ஊசியால் நோய் தொற்றாமலிருக்கப் போதைக்காரர்களுக்குப் புது ஊசி கொடுக்கிற வேனுக்குத் தராசம்மா நடந்தே போனார். விஷயத்தைக் கேட்ட நர்ஸ் உடனே ஓர் அட்டையில் எழுதினாள்: 'புதுச் சரக்கு. மூணு மடங்கு வேகம். தனியா போடாதே.'

"யார் சொன்னதுன்னு போடட்டும்மா? பேரில்லாத போர்டை இவனுங்க மதிக்க மாட்டானுங்க. லேப் பேரப் போடலாமா?"

போட்டால் வேலை போகும். வேலை கிடக்கட்டும்; லேப் என்றால் போலீஸ் என்று தம்பி அட்டையைத் திரும்பியும் பார்க்க மாட்டான். சின்ன வயதில் அவன் ஒருவன் மட்டும் இவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னதற்காகவே அவனைத் துரத்தித் துரத்தி அடித்திருக்கிறார்.

தராசம்மா நர்ஸ் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அட்டையின் அடியில், எச்சரிக்கையைவிடப் பெரிய எழுத்தில், 'சொன்னது முட்டக்கண்ணி' என்று எழுதினார்.