முத்தியால்பேட்டையில் ஓர் ஆமென்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் தரங்கம்பாடியில் பஸ் ஏறினேன். 2007, பிப்ரவரி மாதம். சிதம்பரத்தில் வண்டி மாறி, கடலூரில் அரைமணி நேரம் காத்துக் கிடந்து, ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர் கடந்து புதுச்சேரியில் இறங்கியபோது மணி பத்தரை. சிதம்பரத்திலிருந்து டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். பாண்டிச்சேரி புதுச்சேரியாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கண்டக்டர் "பாண்டி, பாண்டி" என்றேதான் கூவினார்.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் நேரே கடற்கரைக்குப் போவார்கள். நான் ஓர் ஆத்துமாவை இரட்சிக்க முத்தியால்பேட்டைக்குப் போனேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

என் அக்கா எஸ்தர் எங்களைப் போல லுத்தரன் சபையில் பிறந்து, கல்யாணத்தில் கத்தோலிக்கராக மாறியவர். அத்தான் அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அவருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை இருதய ஆப்பரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் பயம் அதைவிடப் பெரிது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷத்திலிருந்து அத்தான் கோயிலுக்குப் போவதில்லை, ஜெபம் சொல்வதில்லை. கடவுளை நம்ப முடியவில்லை என்று வாய்விட்டே சொல்கிறாராம். நம்பாமல் செத்தால் என்ன ஆகும்? எங்கள் சபையில் முப்பது வருஷமாக உபதேசியாராக இருக்கிற தம்பி வந்து பேசினால் மனம் மாறுவார் என்று அக்கா போன் செய்திருந்தார்.

ஆட்டோக்காரர் அறுபது கேட்டு நாற்பதுக்கு வந்தார். என் கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்துவிட்டு, "சார் அல்லேலூயாவா, மாதா கோயிலா?" என்று கேட்டார். இரண்டுமில்லை, லுத்தரன் என்றேன். என்ன வித்தியாசம் என்றார். மாதா கோயில்காரர்கள் இரட்சிப்புக்கு நற்கிரியை, அதாவது நல்ல செய்கை, வேண்டும் என்பார்கள், நாங்கள் விசுவாசம் ஒன்றே போதும் என்போம் என்று ஆரம்பித்தேன். மூன்று கிலோமீட்டரில் அதை முடிக்க முடியவில்லை. அவருக்குப் புரிந்ததாகவும் தெரியவில்லை.

பகல் பதினொன்றுக்கு அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வார்த்த போதும்டா தம்பி. விசுவசிக்கிறேன்னு சொன்னாப் போதும். நாளைக்கு சாயந்தரம் எங்க கோயில் சாமியார் வர்றாரு, ஆப்பரேஷனுக்கு முன்னால மந்திரிச்ச எண்ணெய் பூசுறதுக்கு. இவரு வேணாங்குறாரு."

எனக்கு அங்கேயே முதல் குழப்பம். கத்தோலிக்கர்கள் செய்கையால் மோட்சத்துக்கு ஏணி கட்டுகிறவர்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே கத்தோலிக்க அக்கா ஒரு வார்த்தை விசுவாசத்துக்குத் தவம் கிடக்கிறார்.

அத்தான் சண்டைக்கு வரவில்லை. மீன்குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நான் வசனங்களை அடுக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, நான் நன்றாகப் பேசுவதாக மெச்சி, தூங்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவரே என்னை எழுப்பினார். "இன்னா மச்சான், ரெண்டு பக்கெட் தூக்குவியா? நான் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

நான்கு வீடு தள்ளி கோவிந்தசாமி என்பவர் இருந்தார். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவர், பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். மனைவி விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். இரண்டு வருஷமாக அவரைத் தினமும் குளிப்பாட்டுவது அத்தான். நான் தண்ணீர் தூக்கினேன், அவர் தேய்த்தார். புண் வராமல் இடுப்பைத் துடைத்து, பவுடர் போட்டு, வேட்டி கட்டிவிட்டார். பேச்சு குழறுகிற கோவிந்தசாமி அத்தானை ஏதோ கேலி செய்தார். இருவரும் சிரித்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊரிலும்தான் கடல் வந்தது. நான் மறுநாள் ஜெபக்கூட்டம் நடத்தினேன். இவர் அன்று கனகசெட்டிக்குளம் மீனவர் குப்பத்தில் படகுகளுக்கு அடியிலிருந்து செத்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் நம்ப முடியவில்லை என்றார்.

பத்து மணிக்கு நான் அக்காவிடம் போய், அவர் செய்கிற காரியமே போதாதா என்று வாதாட ஆரம்பித்தேன். பாதியில்தான் உறைத்தது. முப்பது வருஷமாக எதைத் தப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனோ அதையே பேசிக்கொண்டிருக்கிறேன். அக்கா என்னை முறைத்தார். "இதுக்காடா உன்னக் கூப்ட்டேன்?" என்றார்.

மாலை ஐந்து மணிக்குச் சாமியார் வந்தார். இளவயது, ஸ்கூட்டரில் வந்தார். அத்தான் காப்பி கொடுத்து உட்கார வைத்தார்.

"சாமி, நீங்க வந்ததுக்கு மெர்சி, நன்றி. மனசுல இல்லாதத வாயால சொல்ல மாட்டேன். கோச்சிக்காதீங்க," என்றார்.

சாமியார் வற்புறுத்தவில்லை. அப்படியானால் எண்ணெய் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தர் ஜெபம் மட்டும் சொல்லலாம் என்றார். அக்கா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

சொல்ல ஆரம்பித்தோம். அவர்கள் மொழிபெயர்ப்பு வேறு, எங்களுடையது வேறு. வார்த்தைகள் முட்டி மோதின. அத்தான் கட்டிலில் வாயை மூடி உட்கார்ந்திருந்தார். தீமையிலிருந்து காக்கும்படி கேட்டதும் கத்தோலிக்கர்கள் ஆமென் சொல்லி முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அதற்குப் பிறகு ஒரு வரி உண்டு. ஐம்பது வருஷப் பழக்கம். கண்ணை மூடியிருந்த நான் நிற்காமல், ராஜ்யமும் வல்லமையும் என்று தனியாக, உரக்கப் போய்க்கொண்டிருந்தேன். பாதியில் என் குரல் மட்டும் கேட்பது தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை. ஒருவழியாக அந்த வரியை முடித்தேன். ஆமென் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. காது இரண்டும் சுட்டன.

"ஆமென்," என்று கட்டிலிலிருந்து அத்தான் சொன்னார். தெளிவாகச் சொன்னார்.

அக்கா பாய்ந்து வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். "சாமி, சொல்லிட்டாரு சாமி, கேட்டீங்கல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாமியார் அத்தானைக் கேள்வியாகப் பார்த்தார். அத்தான் அக்காவை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். சாமியார் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார்.

ஞாயிறு காலை மறுபடி பக்கெட் தூக்கினேன். கோவிந்தசாமியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன், நேற்று நம்பித்தான் சொன்னீர்களா என்று.

அவர் கையை நிறுத்தவில்லை. "நீ தனியா மாட்டிக்கிட்டு நின்ன மச்சான். பாக்க முடியல. சொல்லிட்டேன்," என்றார்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். அக்கா வாசல்வரை வந்தார். ஒரு வாரமாகத் தூங்காத முகம் தெளிந்திருந்தது. "நீயும்தான கேட்ட தம்பி? சொன்னாருல்ல?"

"ஆமாக்கா. சொன்னாரு," என்றேன்.

கடலூர் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் அக்காவிடம் சொன்னது பொய்யா என்று தெரியவில்லை. அவர் சொன்னது விசுவாசமா, இன்னொரு நற்கிரியையா என்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் விடை என் வாயிலேயே இருக்கும், கேள்வியை முடிக்குமுன் சொல்லிவிடுவேன். ஆனால் மச்சான் தவிக்கிறானே என்று சொன்ன அந்த ஓர் ஆமென் செல்லாது என்றால், யாருக்காகவும் இல்லாமல் முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த ஆமென்களை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.