அப்பா பெயர் இல்லாத அட்டை

ஸ்கூடாய் சாலை நெரிசலில் நின்றிருந்தபோது செல்வியின் கணவர் அழைத்தார். "செல்வி காலையில நம்மள விட்டுப் போயிட்டா, சிவா" என்றார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். எனக்குக் காரை நகர்த்தக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் செல்வி என் பக்கத்து மேசை. அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் பிடிவாதம் தெரியும். அது எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்து பாகாட் ஊரில் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம். பெயர் அட்டைகளை அச்சிட்டது நாங்கள் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். ஒரு சிறுமி செல்வியிடம் தன் அட்டையை நீட்டினாள். "ஆன்ட்டி, இது யார் பேரு?" அவள் அம்மா, விண்ணப்பத்தில் அப்பா பெயரை நிரப்பாமல் விட்டிருந்தார். அந்த இடத்தில் எங்கள் நிரல் 'None' (நன்) என்று அச்சிட்டிருந்தது. பைத்தானில் அதற்கு எதுவுமில்லை என்று அர்த்தம். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். செல்வி புது அட்டை எடுத்து, 'கவிதா' என்று மட்டும் பெரிதாகக் கையால் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் காரில் அழுதார். "பாலோ ஊர்ல அம்மா தனியாத்தான் என்னை வளர்த்தாங்க. ஸ்கூல்ல அப்பா பேர் கேட்டா அப்படியே நிப்பேன். இன்னிக்கு அந்தப் பிள்ளைய நானே நிக்க வெச்சிட்டேன்லா."

மறுநாளே வகைக்குறிப்புகள் எழுதத் தொடங்கினார். வருவது எண்ணா, எழுத்தா என்று நிரலிலேயே குறித்து வைப்பது அது. அப்பா பெயருக்கு 'எழுத்து, அல்லது எதுவுமில்லை' என்று குறித்தார். அந்த இரண்டாவதை யாராவது மறந்தால் சரிபார்க்கும் கருவி சிவப்புக் கோடு போடும்.

"இதெல்லாம் இல்லாமலே ஓடுமே" என்று சீண்டுவேன்.

"ஓடும்லா. எங்க போய் முட்டும்னுதான் தெரியாது" என்பார். பிறகு அவருக்கு நோய் வந்தது. சிகிச்சை முடிந்து சோர்ந்து வந்த நாள்களிலும் குறிப்புகள் எழுதினார். "நான் இல்லாதப்பவும், மறந்தா யாராவது சொல்லணும்ல" என்றார். அன்று நான் சீண்டவில்லை.

போன வாரம் இந்த ஆண்டு முகாமின் சான்றிதழுக்கு நிரல் எழுதினேன். அப்பா பெயர் இல்லாமலும் வரலாம் என்பதை நானே மறந்திருந்தேன்; அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. திருத்த மனமில்லாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

ஏதாவது இல்லாமல் வருகிறவர்களையும் முதலிலேயே நினைத்துக்கொள்வது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். வரியைத் திருத்தினேன். இந்த ஆண்டும் வந்திருந்த அந்தச் சிறுமியின் சான்றிதழ்தான் முதலில் அச்சாகி வந்தது. அதில் 'கவிதா' என்று மட்டும், பெரிதாக.