ஓலை வாசிக்காத ஞாயிற்றுக்கிழமை

உங்களை யாராவது பட்டிமன்றத்துக்கு நடுவராகக் கூப்பிட்டால் போகாதீர்கள். பல்வலி என்று சொல்லுங்கள். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். மாமனார் இல்லாவிட்டால் வேறு யாரையாவது படுக்கப் போடுங்கள். தயவுசெய்து மேடை மட்டும் ஏறாதீர்கள்.

நான் ஏறினேன். மூன்று வாரமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சிட்லபாக்கத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. பொங்கல் விழாவை அது தை மாதக் கடைசியில்தான் கொண்டாடும். அப்போதுதான் மைக் செட் கிடைக்குமாம். கோலப் போட்டி, சாக்கு ஓட்டம், கடைசியில் பட்டிமன்றம். இந்த வருஷத் தலைப்பு — ‘மதங்களால் சமுதாயத்துக்கு விளைவது நன்மையா, தீமையா?’

இதிலே ஒரு புதுமை. யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. வருஷா வருஷம் அதே ஆசாமிகள் அதே பேச்சைக் கக்குகிறார்களே, கொஞ்சம் மாற்றித்தான் பார்ப்போமே என்று. இந்த அபாரமான யோசனை யாருடையது என்று கேட்கிறீர்களா? அடியேனுடையதுதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான்.

பேச்சாளர்கள் இரண்டே பேர். ஒருவர் ஞானசிகாமணி — ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். எங்கள் பகுதி சர்ச்சில் பாடகர் குழுவில் முதல் வரிசை. ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டினாலும் குடையும் பைபிளுமாகக் கிளம்பிவிடுவார். இன்னொருவர் தங்கவேலு — ரயில்வேயில் ஃபிட்டர். கறுப்புச் சட்டை. ஸ்டேஷன் பக்கத்திலுள்ள பகுத்தறிவு வாசகசாலையின் தூண். பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நடப்பதற்காகவே அந்தத் தெரு வழியாகப் போகிறவர்.

சீட்டைப் பிரித்தோம். வாத்தியாருக்கு ‘தீமை’. தங்கவேலுவுக்கு ‘நன்மை’.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். மடையன்!

முதலில் தங்கவேலு. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “மேடைத் தமிழு நமக்கு வராது. நடந்தத சொல்றேன். என் பொண்டாட்டிக்கு மொத பிரசவம். ஏரி ரொம்பி ரோட்டுல தண்ணி. மாட்டு வண்டியில இட்டுகினு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒரு வெள்ளப் பொடவ அம்மா, நாலு ராத்திரி என் பொண்டாட்டி கட்டிலாண்டயே உக்காந்துகினு இருந்துச்சு. கடவுள் கீறாரா, இல்லியான்னு என்னை ஒரு வார்த்த கேக்கல. நான் போட்டுகினு இருந்த சட்டையப் பாத்துது. சிரிச்சுது. அவ்ளோதான்.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது வாத்தியார். புள்ளிவிவரம், சிலுவைப் போர் என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தம் அக்காவைப் பற்றி ஆரம்பித்தார்.

சர்ச்சுகளில் ‘ஓலை வாசிப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில் பாதிரியார் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். அது ஒரு சடங்கு. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால், தெற்கே அவர்கள் ஊரில், வாத்தியாரின் அக்கா ரூத்துக்கு மூன்றாம் ஓலை வாசித்த அன்று கமிட்டி ஆசாமி ஒருவர் எழுந்து நின்றாராம். பெண்ணின் பாட்டி வேறு ஜாதி என்றாராம். சர்ச் சட்டப்படி அது தடையே இல்லை. ஆனால் சபை நடுவே சொன்னது சொன்னதுதானே? அன்று மத்தியானமே மாப்பிள்ளை வீட்டார் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். ரூத் அம்மாவுக்கு அப்புறம் கல்யாணமே ஆகவில்லை. டீச்சர் வேலை பார்த்தார், தம்பியைப் படிக்க வைத்தார், இன்றைக்கும் தம்பி வீட்டில்தான் இருக்கிறார்.

“அன்னைக்கு நான் பாட்டுக் குழுவிலே நின்னுக்கிட்டிருந்தேன்” என்றார் வாத்தியார். “ஆண்டவர் எழுந்து ஒண்ணும் சொல்லலை. கமிட்டிதான் எழுந்து சொல்லிச்சு.”

நான் உணர்ச்சிவசப்பட்டேன். வழக்கமாக நடுவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டும் இரண்டு கண்கள், ஒன்று ஒசத்தி, இன்னொன்று அதைவிட ஒசத்தி என்று பசப்பிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு போவார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, “தீமையே!” என்று தீர்ப்புச் சொன்னேன். கைதட்டல் பிரமாதம்.

இது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து ரயிலில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தால், வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் ஆளுக்கு ஒரு காகிதம். என் மனைவி இருவருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, என்னை ஒரு குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

வாத்தியாரின் மகள் கிரேஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்கும் தெரியும், பத்திரிகை வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மிச்சம் இருந்ததே மூன்று ஞாயிறு. முதல் ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. பட்டிமன்றத்துக்கு மறுநாள்தான் இரண்டாவது.

“வாசிக்கலை சார்” என்றார் வாத்தியார். “எல்லா அறிவிப்பும் வாசிச்சாங்க. கிரேஸ் பேரு வரலை. அவ என் முகத்தைப் பார்த்தா.”

சர்ச் கமிட்டி சனிக்கிழமை ராத்திரியோடு ராத்திரியாகக் கூடித் தீர்மானம் போட்டுவிட்டதாம். ‘தாங்கள் பொது மேடையில் பேசியது நமது சபையின் மாண்புக்கு ஊறு விளைவிப்பதால், பேசியவை உண்மைக்குப் புறம்பானவை என எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்கும் வரை...’

வருகிற மூன்றாவது ஞாயிறும் போனால், அதையடுத்த புதன்கிழமை வைத்திருந்த கல்யாணம் நடக்காது. அதற்கு அடுத்த வாரம் லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிடும். நாற்பது நாளைக்கு அவர்கள் சர்ச்சில் கல்யாணமே கிடையாது. மாப்பிள்ளைக்கு வடக்கே ஏதோ உருக்காலையில் வேலை. லீவு முடிந்தால் போய்விடுவார். அப்புறம் எப்போது வருவாரோ? மாப்பிள்ளை வீட்டார் மனசு அதற்குள் எப்படி மாறுமோ? இந்தக் குடும்பத்துக்கு அந்த பயம் புதிதில்லை.

“உம்முது இன்னாய்யா?” என்று தங்கவேலுவைக் கேட்டேன். எரிச்சலில் எனக்கும் அவர் பாஷை வந்துவிட்டது.

“அத்த ஏன் சார் கேக்கறே! ஒரே பேஜாரு” என்று தம் காகிதத்தை நீட்டினார். ‘தாங்கள் பொது மேடையில் பேசியது நமது இயக்கத்தின் கொள்கைக்கு ஊறு விளைவிப்பதால், எழுத்து மூலம் விளக்கம் தரும் வரை வாசகசாலைக்கு வர வேண்டாம்...’

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘ஊறு விளைவிப்பதால்’ — அதே வார்த்தை! ஒன்று கடவுள் உண்டு என்கிற கோஷ்டி; மற்றது இல்லை என்கிற கோஷ்டி. இருவருக்கும் ஒரே குமாஸ்தாவா?

சரி, மனிதர்கள்தானே, சொன்னால் புரியாதா என்று கிளம்பினேன். முதலில் சர்ச் கமிட்டி செக்ரட்டரி. பெரிய உத்தியோகஸ்தர். பிஸ்கட் எல்லாம் கொடுத்தார்.

“சார், அது சீட்டுக் குலுக்கல். அவராக எடுத்த கட்சி இல்லை” என்றேன்.

“தெரியும் சார். சீட்டுல வந்தா என்ன பண்ணணும்? சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு உட்காரணும். எதுக்கு அவ்வளவு நல்லாப் பேசணும்?”

பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்தேன். பாதிரியாரைப் பார்த்தேன். நல்ல மனிதர். “நான் என்னங்க செய்யட்டும்? கமிட்டி தீர்மானம்” என்று தரையைப் பார்த்தார். வாசகசாலைக்குப் போனேன். அங்கே தலைவர் பெஞ்சில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “சீட்டுன்னே வெச்சுக்குவோம் சார். மனசுல இல்லாமலா கண்ணுல தண்ணி வந்துது?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் மதம் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு டிரஸ்டிகள் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. கும்பாபிஷேகம் அப்படியே நிற்கிறது. பிள்ளையார் தலைக்கு மேல் மழைத்தண்ணீர் சொட்டுகிறது. அவர் யாரிடம் போய் விளக்கம் கேட்பார்?

வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் மேஜையில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் — வேறென்ன செய்வார்? “எழுதிடுங்க சார், ஒரு வரிதானே” என்று நானும் சொன்னேன். எனக்கு எப்படியாவது இந்த வம்பு தீர்ந்தால் போதும் என்றிருந்தது.

ரூத் அம்மா சமையலறைக் கதவருகே நின்றிருந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளையில் நீலக் கரை போட்ட சேலையில். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

“ஞானம், என்ன எழுதச் சொல்றாங்க?”

வாத்தியார் தயங்கித் தயங்கிப் படித்தார். “நான் பேசியவை உண்மைக்குப் புறம்பானவை...”

“அது நடக்கவே இல்லைன்னா,” என்றார் அந்த அம்மா, “நான் எதுக்கு இத்தனை வருஷம் தனியா இருந்தேன்?”

வாத்தியார் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் வெட்கத்தில் தலை குனிந்தேன். ‘ஒரு வரிதானே’ என்று சொன்ன வாய் இது.

“எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம்” என்றார் ரூத் அம்மா. அவருக்குச் சர்ச்தான் கோயில். “சாரும் வரட்டும். இவர்தானே தீர்ப்புச் சொன்னவர்.”

தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. தங்கவேலுவைக் கூட்டிக்கொண்டேன். “சட்டய மாத்த மாட்டேன் சார்” என்றார். கறுப்புச் சட்டையோடு கடைசி பெஞ்சில், என் பக்கத்தில், விறைப்பாக உட்கார்ந்தார். எல்லோரும் ஜெபத்துக்கு எழுந்தபோதுகூட அவர் எழுந்திருக்கவில்லை. கொள்கை!

பாட்டு, வேதபாடம் எல்லாம் ஆயிற்று. அறிவிப்புகள் வந்தன. மாதர் சங்கக் கூட்டம். சிறுவர் ஊழியம். வேறு யாருக்கோ மூன்றாம் ஓலை. பாதிரியார் காகிதத்தை மடித்தார். அவ்வளவுதான். கிரேஸ் பெயர் வரவில்லை.

பெண்கள் பக்கத்தில் ரூத் அம்மா எழுந்து நின்றார்.

“ஐயா, எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஓலை வாசிங்க.” குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. “ஆட்சேபணை இருக்கிறவங்க எழுந்து சொல்லட்டும். எனக்குச் சொன்னவர் எழுந்து நின்னு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இவளுக்கும் அப்படியே சொல்லட்டும். ராத்திரி கூடித் தீர்மானம் போட வேண்டாம்.”

செக்ரட்டரி மின்விசிறியைப் பார்த்தார். கமிட்டி மொத்தமும் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒருவரைத் தவிர. என் பக்கத்தில் ‘விருட்’டென்று தங்கவேலு எழுந்து நின்றுவிட்டார்!

சர்ச் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆட்சேபணை கேட்ட நேரத்தில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. கிரேஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “யோவ், உட்காருய்யா! கெடுத்தியே காரியத்தை!”

“உங்களுக்கு... ஏதாவது ஆட்சேபணையா?” என்றார் பாதிரியார்.

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார் தங்கவேலு, மிரண்டுபோய். “அந்த அம்மா நிக்கிறாங்க. அதான்.”

நானும் எழுந்து நின்றேன். சட்டையைப் பிடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் எழுந்தார்கள். அப்புறம் பாட்டுக் குழுவில் ஒரு வரிசை.

பாதிரியார் பைபிளுக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்தார். எழுதி, மடித்து, ஒரு வாரமாக அதற்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் மனிதர்! மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் எல்லாம் வாசித்துவிட்டு, செக்ரட்டரி பக்கம் திரும்பாமல் சொன்னார்: “இது இரண்டாம் முறை... மூன்றாம் முறையும் இதுவே.”

ரூத் அம்மா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

புதன்கிழமை கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. செக்ரட்டரியே முன் வரிசையில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கல்யாண வீடாயிற்றே, சும்மா இருந்தேன்.

ஆக, மதத்தால் நன்மையா, தீமையா? தீர்ப்பைத் திருத்தலாமா என்று பார்க்கிறேன். நாலு ராத்திரி கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மாவும் மதத்தில்தான் இருந்தார். பாட்டி ஜாதியைக் கிளறியவரும் அதே மதத்தில்தான் இருந்தார். கூட்டம் கூடி, ரப்பர் ஸ்டாம்பு செய்து, செக்ரட்டரி ஒருவரைப் போட்டுவிட்டால் கடவுள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ‘ஊறு விளைவிப்பதால்’ தானாக வந்துவிடும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று தங்கவேலு மறுபடி வந்தார். கையில் மறுபடி காகிதம். வாசகசாலையின் இரண்டாவது நோட்டீஸ். ‘தாங்கள் சர்ச்சுக்குச் சென்றதாகவும், ஆராதனை நடுவே எழுந்து நின்றதாகவும் தெரிய வருகிறது. ஏன் என்பதற்கு உடனே விளக்கம் தரவும்.’

“சார், நீயே எழுதிக் குடுத்துடு. நமக்கு எழுத வராது” என்றார்.

நான் ஒன்றும் புதிதாக எழுதவில்லை. அவர் சொன்னதையே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

‘அந்த அம்மா நின்றார்கள். அதனால் நின்றேன்.’