கொள்ளையர் நகரத்தில் விலாசம் இல்லாதவர்கள்

ஞாயிறு பிற்பகல்களில் பதுளை பஸாரில், போன் திருத்தும் கடை ஒன்றின் மாடியில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். கடைக்காரர், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் தங்கச்சி, நான். கூடப் பிறந்தவள் அல்ல. நான் பிறந்த அதே லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். நான் கதை நடத்த, இருவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு இந்த விளையாட்டெல்லாம் தேவையா என்று கேட்காதவர்கள் இல்லை. தேவைதான்.

இந்தமுறை கடற்கொள்ளையர் நகரம். இணையத்தில் இறக்கிய புத்தகத்தில் அந்த நகரம் ஒரே கும்மாளம். சாராயக்கடை, கிளி, புதையல். அத்தனை கப்பலுக்கும் மூட்டை தூக்குகிறவன் எங்கே படுக்கிறான் என்று ஒரு வரி கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரத்தை இருட்டாக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். தூக்கில் தொங்கும் பிணங்களை வைத்தேன். ரத்தம் குடிக்கும் கப்பல் தலைவனை வைத்தேன். இருவரும் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, "புதையல் எங்க?" என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரே ஒரு சட்டத்தைச் சேர்த்தேன். தலைவர்களின் வீடுகளுக்கு மட்டுமே விலாசம் உண்டு. மூட்டை தூக்குகிறவர்களின் வரிசை வீடுகளுக்கு எண்ணும் இல்லை, தெருவும் இல்லை. அவர்களுக்கு வரும் கடிதமெல்லாம் தலைவனின் ஆபீசுக்குப் போகும். குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது கொடுப்பான்.

கடைக்காரர் பகடையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், ரத்தம் குடிக்கிறத நம்பலாம். இத நம்பேலாது. தன்ட கடிதத்த எவன் சும்மா விடுவான்? போய்க் கேக்க மாட்டானா?"

நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தபால்காரர் அவர் கடை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடிதம் தருகிறார். அந்தச் சட்டத்தில் என் கற்பனை எதுவுமே இல்லை. எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைப் பெயர்த்துத் துறைமுகத்தில் வைத்தேன், அவ்வளவுதான். வந்தால் தருவார்கள் என்று இருந்தே எங்களுக்குப் பழக்கம். தோட்டத்து ஆபீஸ் படியேறிக் கேட்டால் கிளாக்கர் முகத்தைச் சுளிப்பார்.

தங்கச்சி அந்தப் பகடையைக் கையில் எடுத்தாள். பிறகு, "அக்கா, என் ஆளு அந்த ஆபீஸ ஒடைச்சி உள்ள போறா," என்றாள். வாசலில் மூன்று தலை நாயைக் காவலுக்கு நிறுத்தினேன். உருட்டினாள். நாய் செத்தது, கடிதம் கிடைத்தது. மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

அந்தத் தைரியத்தில் மறுநாள் காலை நிஜ ஆபீசுக்கே போயிருக்கிறாள். அங்கிருந்து போன் பண்ணினாள்.

"கடிதம் இருந்திச்சிக்கா. மேசையில, பழைய பேப்பருக்குக் கீழ. நேர்முகப் பரீட்சை போன செவ்வாக்கெழமையே முடிஞ்சிருச்சி."

"கிளாக்கர் என்ன சொன்னாரு?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேங்குறாரு."

அந்தப் பதிலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்மேலும் எனக்குக் கோபம். டவுனில் வாடகை அறை, கதவில் எண், எல்லாம் எனக்கு இருந்தது. விண்ணப்பத்தில் என் விலாசத்தைப் போடு என்று சொல்லத் தோன்றவில்லை. இல்லாத நகரத்துக்கு உட்கார்ந்து சட்டம் எழுதினேனே, இது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு நடந்ததைக் கேட்ட கடைக்காரர், கடை விலாசம் அச்சடித்த அட்டை ஒன்றை அவளிடம் நீட்டினார். "அடுத்த முற இதப் போடுங்க தங்கச்சி." அடுத்த முறை எப்போது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. அவள் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

நான் குறிப்புக் கொப்பியைத் திறந்து மூன்று தலை நாயைக் கோடு போட்டு அடித்தேன். அந்த ஆபீசுக்குக் காவலே தேவைப்பட்டிருக்கவில்லை.