எறாப் பொடி போடாத கேவுரு அடை

முருங்கைக்கீரை சூடான கல்லில் பட்டதும் ஒரு வாசனை வருமே... இன்றைக்குக் காலையில் எங்கள் பிளாட் கிச்சனில் அது வந்ததும், தோசைத்திருப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மனசு நேராக ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் தோணிரேவுக்குப் போய்விட்டது. கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிற அந்த விடியற்காலைக்கு.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்கக்கூடாது. ஏரியில் மீன் பிடிக்கிறவர் வீட்டில் பிறந்த எனக்கு மீன் ஆகாது. மீன் மட்டுமா... இறால், நண்டு, கருவாடு, ஒன்றும் ஆகாது. இட்லி, தோசையில் புளிப்பு ஆகாது. முட்டையைக் கண்டாலே குமட்டும்.

தெருவில் எல்லோரும், "இன்னா துன்னுதாண்டி நீ வளந்த?" என்பார்கள். எனக்கே தெரியாது!

படிப்பு முடிந்து, ஆரம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள் நான்தான். விடிவதற்குள் வேன் வந்துவிடும். வெறும் வயிற்றோடு ஏறுவேன். அங்கே போனால் நின்றுகொண்டே வேலை.

ஒருநாள் லைனிலேயே மயங்கி விழுந்தேன். அடுத்த வாரம் மறுபடியும்...

சூப்பர்வைசர் மேடம் நல்லவர்தான். ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி விழுந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கினார்.

"துன்னாம போனா மயக்கம் வராம இன்னா வரும்? வுடு. வேன்ல துன்ற மாறி ஒண்ணு நான் பண்ணித் தரேன்."

மறுநாள் அடுப்படியில் அவர்தான். கேழ்வரகு மாவில் வெந்நீர் ஊற்றி, முருங்கைக்கீரை, வெங்காயம், வறுத்து உடைத்த வேர்க்கடலை எல்லாம் போட்டுப் பிசைந்து அடை தட்டினார். வாட்டின வாழை இலையில் வைத்துச் சுருட்டினார். படகில் போகிறவர்கள் சாப்பிடுவது அப்படித்தான். வலை இழுத்த கையெல்லாம் சேறும் செதிலுமாக இருக்கும். அந்தக் கை சாப்பாட்டில் படாமல், இலையை உரித்து உரித்துக் கடிக்க வேண்டும்.

வேன் குலுங்கக் குலுங்கச் சாப்பிட்டேன். சிந்தவில்லை, கையில் ஒட்டவில்லை, புளிக்கவில்லை. பக்கத்து சீட் ஸ்டெல்லா, "சூப்பரா கீதுடி!" என்று பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மயக்கம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் பாடு நாள் என்று ஒன்று இருக்கிறதே... ஏரியில் எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட முடியாது. ஊரில் முறை வைத்து விடுவார்கள். அந்த முறைதான் பாடு. நைனாவுக்குப் பாடு வருகிற நாளில் அவர் இருட்டோடு கிளம்பிவிடுவார். அன்றைக்கு அடை, அம்மா பொறுப்பு.

முதல் பாடு நாள். வேனில் ஒரு வாய் கடித்தேன். அவ்வளவுதான், குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் சண்டை. "ஏம்மா அதுல மீன் போட்ட?"

"அய்ய! மீனு எங்கடி போட்டேன்? எறாப் பொடி ஒரு ஸ்பூன் தூவுனேன்."

"எறா மீன் இல்லையா?"

"எறா எப்டிடி மீனாவும்? நாளெல்லாம் நிக்கிற புள்ளைக்கு வெறும் கீரையக் குடுத்தனுப்ப எனக்கு மனசு வர்ல."

அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மீன் வேறு, இறால் வேறு.

அடுத்த பாடு நாளில் பொடி இல்லை. ஆனாலும் அடையில் மீன் வாடை. அம்மா மீன் விற்பவள். விடியும் முன்னே ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து வைத்துவிட்டு வந்துதான் மாவு பிசைவாள். எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கையில் வாடை போகாது. அன்றும் பட்டினி. அன்றைக்கு எப்படி விழாமல் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

கன்ஃபர்மேஷனுக்கு ஆபீசர்கள் எங்கள் வேலையைப் பார்க்க வருகிற நாள், சரியாகப் பாடு நாளில் வந்து விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் கடுப்பில் சொன்னேன்: "நாளைக்கு எனக்கு ஒண்ணும் கட்ட வேணாம்மா. உன் கையே மீன் நாத்தம்."

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

காலையில் எழுந்தால், தலைக்குக் குளித்து ஈரத்துண்டு கட்டிக்கொண்டு அடை தட்டிக்கொண்டிருக்கிறாள். கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு."

எலுமிச்சம்பழமும் சீயக்காயும் மணந்தன.

வேன் ஏரிக்கரை திரும்பும்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மற்ற பெண்கள் நிறைந்த கூடைகளோடு ஏலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் காலி அன்னக்கூடையோடு அவர்களுக்கு எதிரே ஏலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்...

அழுதுகொண்டே முழு அடையையும் தின்றேன். ஸ்டெல்லாவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் விழவில்லை. வேலை நிரந்தரம் ஆனது.

சாயங்காலம், "ஏலத்துல இன்னா கெடச்சுதும்மா?" என்று கேட்டேன்.

"ஒதுக்கிப் போட்ட பொடி மீனுதான். போனா போவுது. நீ துன்னியா?"

அதற்கப்புறம் பாடு நாளென்றால் அம்மா ஏலத்துக்கு லேட்தான்.

இப்போது என் கிச்சனில் ஓட்ஸ் இருக்கிறது, டப்பா டப்பாவாக என்னென்னவோ இருக்கிறது. ஸ்கூல் வேனில் சாப்பிட என் மகன் கேட்பது கேவுரு அடை. அதுவும் எப்படி? "ஆயா போடுற மாதிரி எறாப் பொடி போட்டுக் குடும்மா."

போனில் சொன்னால் அவன் ஆயா, என் அம்மா, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஒரு பாட்டில் பொடியும் கொடுத்தனுப்பிவிட்டாள்.

இன்றைக்குத் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்பூன் போட்டேன். மகன் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்மா" என்றான். போட்டேன்.

அவன் வேன் ஏறிப் போனபின் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாடை போகவில்லை. கையை மூக்கருகே கொண்டுபோனேன். அம்மா கை.

குமட்டத்தான் செய்தது... ஆனாலும் மறுபடி ஒருமுறை மோந்து பார்த்தேன்.